ராஜபார்ட் அக்கா சொன்ன சாட்சி

எங்கள் வீடு எரிந்துபோன செய்தியைச் சைக்கிளில் வந்த ஒருவர்தான் கொண்டுவந்தார். நார்த்தாமலைக்குப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போது என் கணவருக்கு வாத்தியார் வேலை. சண்டைக்காலம். அங்கே இருந்த வாத்தியார் ஒருவர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி இவரைப் புதுக்கோட்டையிலிருந்து அங்கே மாற்றியிருந்தார்கள். நானும் மாமியாரும் கூடவே போய்விட்டோம். ஊர் ஓரத்தில் நாங்கள் ஆசையாகக் கட்டிய ஓட்டு வீடு புதுக்கோட்டையில் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

போய்ப் பார்த்தபோது நான்கு சுவரும் கரி பிடித்து நின்றன. கூரை முழுக்க உள்ளே விழுந்து கிடந்தது. பங்குனி வெயிலில் ஓட்டுத் துண்டுகள் இன்னும் சுட்டன. என் மாமியார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் முதலில் கேட்டார்.

அந்தப் புள்ளை என்றது ஒரு நாடக நடிகையை. முப்பது வயதிருக்கும். ஆண் வேஷம் கட்டிக் கதாநாயகனாக, ராஜபார்ட் நடிப்பவர், அதனால் எல்லோருக்கும் ராஜபார்ட் அக்கா. அவர் புருஷன் அதே குழுவில் ஆர்மோனியம் வாசித்தார். மாமியாருக்கு நாடகமென்றால் உயிர். நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பும் முன்னால், நாடகம் இல்லாத நாட்களில் தங்க இடமில்லாமல் இருவரும் திண்டாடுவதைக் கேள்விப்பட்டு, "வாடகை வேணாம். வீட்டைக் கூட்டி வெளக்கேத்தி வச்சா போதும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். என் கணவர் முணுமுணுத்தார், ஆனால் தடுக்கவில்லை. பூட்டிய வீட்டில் கரையான் ஏறும் என்று அவருக்கும் தெரியும்.

நடிகைக்குக் காயம் எதுவும் இல்லை, தீயை அணைத்த கையோடு இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று தெருவில் சொன்னார்கள். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அழுது முடித்த பிறகுதான் என் கணவருக்கு இன்ஷூரன்ஸ் ஞாபகம் வந்தது. அவரோடு படித்த ஒருவர் ஏஜண்டாக இருந்தார். வீடு கட்டிய புதிதில், விடாமல் வீட்டுக்கு நடந்து நடந்து, தீ விபத்துக்கு என்று ஒரு பாலிசி எடுக்க வைத்திருந்தார். மாமியாருக்கு அதில் பெரிய கோபம். புது வீடு எரியும் என்று நினைத்து யாராவது பணம் கட்டுவார்களா, அபசகுனம் என்று ஒரு வாரம் மகனோடு பேசவில்லை. இப்போது அவரே, "அந்தக் காகிதம் எங்க இருக்கு? பத்திரமா இருக்கா?" என்று கேட்டார். பத்திரமாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பெட்டியில் வைத்திருந்தார்.

திருச்சியிலிருந்து கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பி போட்ட இளைஞர். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், எங்களிடம் கேட்டார், பிறகு அடுத்த வீட்டில் கேட்டார். அடுத்த வீட்டுக்காரர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவர் இன்ஸ்பெக்டரிடம், "இது குடித்தனக்காரர்கள் இருக்கிற தெரு. அந்த வீடு மாசக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. கூத்தாடுகிறவர்கள் அவ்வப்போது வந்து ஒதுங்குவார்கள், போவார்கள்" என்று சொல்லிவிட்டார்.

சில வாரங்களில் இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. என் கணவர் வாசலில் நின்றே படித்தார். படித்ததும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என்ன எழுதியிருக்கு?" என்றேன்.

"வீட்டுல ஆள் குடியில்லையாம். ஒரு மாசத்துக்கு மேல ஆள் இல்லாம கெடந்தா பாலிசி செல்லாதாம். ஒண்ணும் கிடையாதுன்னுட்டாங்க."

"ஆள் இருந்தாங்களே!"

"அவங்க நம்பல."

அன்று அவர் சாப்பிடவில்லை. எனக்கோ பசியும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது. மறுநாள் காலையில் நான்தான், வக்கீலைப் பார்க்கலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். மாமியாரும் என் பக்கம் சேர்ந்துகொண்டார். இரண்டு பெண்கள் சேர்ந்தால் அந்த மனிதர் என்ன செய்வார்? கிளம்பினார்.

வக்கீல் வயதானவர். மேஜை விளிம்பில் பொடி டப்பா. பாலிசியை ஒரு வரி விடாமல் படித்தார். நாங்கள் மூவரும் அவர் விரல் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"வீட்டுக்காரர்தான் குடியிருக்கணும்னு இதுல எங்கேயும் இல்லையே. ஒங்க சம்மதத்தோட யாரு குடியிருந்தாலும் சரி."

"அவங்க அடிக்கடி நாடகத்துக்கு வெளியூர் போவாங்க" என்றார் என் கணவர்.

"நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போறதில்லையா? வேலைக்குப் போயிட்டு வீட்டுக்குத் திரும்பி வர்றவன் குடியிருக்கிறவன்தான். ஆனா அதை அந்த அம்மாளே வந்து சொல்லணும். நான் கம்பெனிக்கு எழுதுறேன். மேனேஜரே நேரில் வந்து மறுபடி விசாரிக்கணும்னு கேக்குறேன். மறுத்தா கோர்ட்டுக்குப் போவோம்."

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "அடுப்பைக் கவனிக்காம விட்டதுல தீப் பிடிச்சிருந்தா?" என்று கேட்டேன். என் கணவர் என்னை முறைத்தார்.

"கவனக்குறைவு இல்லாத மனுஷன் உண்டாம்மா? அதுக்குத்தானே இன்ஷூரன்ஸ். வேணும்னு வச்ச தீயா இருந்தாத்தான் கிடையாது. அந்த அம்மாளுக்கு ஒரு ஆபத்தும் வராது. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

வெளியே வந்தபோது வெயில் சுட்டது, எனக்கு அது தெரியவேயில்லை. நாங்கள் கேட்டது நியாயம்தான் என்று கோட்டுப் போட்ட ஒருவர் சொல்லிவிட்டார். அதுவே பாதி வீடு கிடைத்த மாதிரி இருந்தது.

மேனேஜர் வருவதற்கு நாள் குறித்துப் பதில் வந்தது. அதற்குள் ராஜபார்ட் அக்காவைக் கண்டுபிடிக்க வேண்டும். என் கணவருக்குப் பரீட்சை நேரம், லீவு கிடையாது. "நாங்க போறோம்" என்றார் மாமியார். முந்தானையில் காசை முடிந்துகொண்டு என்னையும் கிளப்பிவிட்டார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. புருஷன் துணையில்லாமல் பஸ் ஏறியதில்லை.

பெட்ரோல் கிடைக்காத காலம். கரியைப் போட்டு எரித்து அந்த வாயுவில் பஸ் ஓட்டினார்கள். பின்னால் பீப்பாய் மாதிரி ஒரு அடுப்பு. கண்டக்டர் அதைக் கம்பியால் குத்திவிட்டுக்கொண்டே வருவார். மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். நாங்கள் எங்கே நாடக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் இறங்கி விசாரித்தோம். காப்பிக் கடைச் சுவரில் ரோஸ் காகிதத்தில் அக்காவின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே கேட்டால், "அது போன வெள்ளிக்கிழமையே முடிஞ்சு போச்சே" என்பார்கள். இன்னொரு ஊரில், "நேத்து வரைக்கும் இங்கதான் இருந்தாக" என்றார்கள். மாமியாருக்கு ஏமாற்றத்திலும் ஒரு சந்தோஷம். எந்த ஊரில் என்ன நாடகம் போட்டார்கள், அக்கா எப்படிப் பாடினார் என்று ஒவ்வொரு கடையிலும் கேட்டுக்கொண்டே வந்தார். நான் இழுக்காவிட்டால் நகர மாட்டார்.

கடைசியில் ஒரு கண்டக்டர்தான், "திருவரங்குளத்துக்கு அங்கிட்டு, கண்மாய்க்கரைத் தோப்புல எறங்கியிருக்காக" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். தோப்பில் ஒரு கீற்றுக் கொட்டகை. வேலியில் ஜரிகை வைத்த வெல்வெட் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ராஜபார்ட் அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தார். மாமியார், "ஏத்தா!" என்று கூப்பிட்டதும் தலை நிமிர்ந்தார். எங்களைப் பார்த்தார். கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்து ஓட ஆரம்பித்தார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். "புடி அவளை" என்றார் மாமியார்.

அதுவரை நான் தெருவில் வேகமாகக்கூட நடந்தவளில்லை. சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். அவர் கண்மாய்க்கரை மேல் ஏறிவிட்டார், நானும் ஏறினேன். கருவேல முள் காலில் குத்தியது. மேடையில் வாள் சுற்றுகிற உடம்பு, நல்ல ஓட்டம். "அக்கா, நில்லுங்க! போலீஸ் இல்ல! நான் மட்டுந்தான்!" என்று கத்திக்கொண்டே துரத்தினேன். கரை ஓரிடத்தில் உடைந்திருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர். அவர் அங்கே நின்றுவிட்டார். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"அம்மா, என்கிட்ட ஒண்ணுமில்லம்மா" என்றார் அவர், கையைக் கூப்பிக்கொண்டு. "அந்த வீட்டை நான் ஏழு ஜென்மத்துக்கு நடிச்சாலும் கட்டித்தர முடியாது."

"நான் பணம் கேட்டு வரல அக்கா. நீங்க எங்க வீட்ல குடியிருந்தீங்கன்னு வந்து சொல்லணும். அவ்வளவுதான்."

அவருக்குப் புரியவில்லை. கரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஷூரன்ஸ் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. வீடு எரிந்தால் எங்கோ இருக்கிற கம்பெனி எதற்குப் பணம் கொடுக்கிறது என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கும் அது முழுக்க விளங்கியிருக்கவில்லை. ஆனாலும் விளக்கினேன்.

பிறகு அவரே அன்று நடந்ததைச் சொன்னார். நாடகத் திரைச்சீலையைத் துவைத்து அடுப்படியில் கொடி கட்டிக் காயப் போட்டிருக்கிறார். அடுப்பில் சோறு. கிணற்றடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது காற்றில் சீலை அவிழ்ந்து அடுப்பில் விழுந்துவிட்டது. திரும்பி வருவதற்குள் கூரையைத் தாங்குகிற கைமரம் வரை தீ. ஆர்மோனியத்தைக்கூட விட்டுவிட்டு இருவரும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். "ஓடு வெடிக்கிற சத்தம் இப்பவும் காதுல கேக்குதும்மா" என்றார்.

கொட்டகைக்குத் திரும்பினால் அவர் புருஷன் ஒரே பிடியாக நின்றார். "நாமளே போய் வாயைக் குடுத்து மாட்டிக்கணுமா? விசாரணைன்னு கூப்பிடுவாங்க, உள்ள வச்சிருவாங்க."

மாமியார் ஒரு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார். "வக்கீல் சொல்லிட்டாரு, ஒரு ஆபத்தும் இல்லைன்னு. வர்றதும் வராததும் ஒங்க இஷ்டம் தம்பி. வரலைன்னாலும் ஒங்க மேல ஒரு பழியும் சொல்ல மாட்டோம். வீடு போனது போனதுதான்" என்றார்.

அக்காதான், "நான் வாரேன் ஆத்தா" என்றார்.

விசாரணை எங்கள் எரிந்த வீட்டு வாசலிலேயே நடந்தது. இரண்டு நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தோம். மேனேஜர் நடுவயதுக்காரர், கறுப்புக் கோட்டு, நிதானமான பேச்சு. கூடவே அந்தத் தொப்பி இன்ஸ்பெக்டர். எங்கள் பக்கம் வக்கீல். தெருவே கூடிவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் தம் வாசலில் கைத்தடியோடு நின்றார்.

காலை பஸ்ஸில் வருவதாகச் சொன்ன அக்காவைக் காணோம். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். வக்கீல் பொடி போட்டார், சுவரைக் காட்டி ஏதோ கேட்டார், வீடு கட்டிய கதையை என் கணவரைச் சொல்லச் சொன்னார். நான் தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். வரமாட்டார்கள் என்று ஒரு நிமிஷம் தோன்றும், வந்துவிடுவார்கள் என்று அடுத்த நிமிஷம் தோன்றும்.

தெருமுனையில் ஒரு விறகு வண்டி திரும்பியது. விறகுக்கு மேல் இரண்டு பேர், அக்காவும் அவர் புருஷனும். பஸ் வழியில் நின்றுபோய், கிடைத்த வண்டியில் ஏறி வந்திருக்கிறார்கள். அக்கா குதித்து இறங்கினார். சேலையெல்லாம் மரத்தூள். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

மேனேஜர் கேட்கக் கேட்க அக்கா தெளிவாகப் பதில் சொன்னார். எப்போது வந்தோம், எங்கே படுத்தோம், தீ எப்படிப் பிடித்தது, எதையும் மறைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் குறுக்கே புகுந்தார்.

"சார், ஊர் ஊரா சுத்துறவங்களுக்கு ஏது வீடு? ரெண்டு நாள் தங்கியிருப்பாங்க. இப்போ இவங்க சொல்லிக் குடுத்துக் கூட்டி வந்திருக்காங்க."

ஆயிரம் பேருக்கு முன்னால் பாடுகிறவர், எங்கள் வாசலில் தலை குனிந்து நின்றார். வக்கீல் எழுந்தார். ஆனால் அவருக்கு முன்னால் வேறொரு குரல் வந்தது.

"அந்தப் புள்ளை இங்கதான் இருந்துச்சு."

அடுத்த வீட்டு அம்மாள். கைத்தடிக்காரரின் சம்சாரம். அவர் வாசலுக்கு வந்து நின்று நாங்கள் பார்த்ததேயில்லை. அந்த வீட்டில் இருப்பவர் என்று தெரியும், அவ்வளவுதான். அன்று தலையில் முக்காடு போட்டுக்கொண்டு படியிறங்கி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"நீங்க யாரம்மா?" என்றார் மேனேஜர்.

"அடுத்த வீடு. இவுக சம்சாரம்" என்று கைத்தடிக்காரர் பக்கம் காட்டினார். "நாங்க பின்பக்கச் சுவரோரம் பேசிக்குவோம். இவுக மத்தியானம் படுத்த பிறகு. நான் மோர் குடுப்பேன், அது பாடும். வெளியூரு போனா சொல்லிட்டுத்தான் போகும். எப்ப திரும்பும்னு நான் பாத்துக்கிட்டே இருப்பேன். தை பொறந்ததுல இருந்து தீப் புடிச்ச அன்னைக்கு வரைக்கும் அதுக்கு இதுதான் வீடு."

எல்லோரும் கைத்தடிக்காரரைப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்திருந்தது. மேனேஜர் அவரிடம் மரியாதையாகவே கேட்டார்: "ஐயா, நீங்க பூட்டிக் கிடந்ததாகச் சொல்லியிருக்கீங்களே?"

அவர் கைத்தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "அவள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. என் மாமியார் உண்மையாகவே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வக்கீல் பார்த்ததும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். இருவரிடமும் கையெழுத்து கேட்டார். அக்கா கையெழுத்துப் போட்டார். அடுத்த வீட்டு அம்மாள் கைநாட்டு வைத்தார். வைத்துவிட்டு அக்காவிடம், "மெலிஞ்சு போயிட்டியே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

கம்பெனி பாலிசியை ஒத்துக்கொண்டது என்று பதில் வந்த நாளில் என் கணவர் பள்ளிக்கூடத்திலிருந்து மூச்சிரைக்க வந்தார். ஆனால் படித்துப் பார்த்தால் கூரைக்கு மட்டும் தருவதாக எழுதியிருந்தார்கள். சுவர்கள் நிற்கின்றனவாம், அதனால் அவற்றுக்குக் கிடையாதாம். "இதுவே பெருசு, வாங்கிக்குவோம்" என்றார் அவர்.

"அடுப்படிச் சுவரு விரிஞ்சு கெடக்கே. அது மேல எப்படிக் கூரை போடுறது?" என்றேன்.

"மறுபடி கேட்டா இதையும் நிறுத்திட்டா?"

"முதல்ல இல்லவே இல்லைன்னவங்கதானே. நாம கேட்டோம், வந்தாங்க. இன்னொரு தடவை கேப்போம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கண்மாய்க்கரையில் ஓடியதிலிருந்து நான் வேறு ஆளாகிவிட்டேன் என்று பின்னாளில் சொல்வார். வக்கீலும் நான் சொன்னதையே சொன்னார். ஒத்துக்கொண்டதை இனி நிறுத்த முடியாது, மிச்சத்தைத் தைரியமாகக் கேளுங்கள் என்றார். கொத்தனாரைக் கூட்டி வந்து விரிசலைக் காட்டி, இடித்துக் கட்டாமல் பாரம் தாங்காது என்று எழுதி வாங்கி அனுப்பினோம். மறுபடி இன்ஸ்பெக்டர் வந்தார். இந்த முறை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அந்த அம்மாகிட்ட சொல்லுங்க" என்றார் போகும்போது. சுவருக்கும் சேர்த்துப் பணம் வந்தது. கேட்டதில் முழுதும் இல்லை. வீடு எழுப்பப் போதும்.

சாமான்தான் கிடைக்கவில்லை. சண்டைக்காலத்தில் நல்ல மரத்துக்கு அலைய வேண்டும், ஓட்டுக்குச் சூளைக்காரரிடம் தவம் கிடக்க வேண்டும். என் கணவருக்குப் புதுக்கோட்டைக்கே மாற்றல் வந்துவிட்டதால் காத்திருக்கவும் முடியவில்லை. பாதிக் கூரை போட்டதுமே பாலைக் காய்ச்சிக் குடிபோய்விட்டோம். ஐப்பசி மழை வந்தபோது கூடத்தில் ஒரு பக்கம் ஓடு, மறுபக்கம் வானம். மாமியார் இருக்கிற அண்டா குண்டாவெல்லாம் எடுத்து அந்தப் பக்கம் வரிசையாக வைத்தார். ஓடு போட்ட பக்கம் நாங்கள் மூவரும் நெருக்கி உட்கார்ந்து வறுத்த வேர்க்கடலை தின்றோம். தண்ணீர் காலடி வரை வரும், நாங்கள் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்காருவோம்.